ஜாஹித் பாய் எடுக்காத டிக்கெட்

தஞ்சாவூர் கீழவாசலில் டிக்கெட் கடை வைத்திருக்கும் ஜாஹித் பாய்க்குத் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் ஆள் அனுப்புவதில்தான் பிழைப்பு. திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவே பறக்கும் சின்ன விமானத்தில் இடம் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம்.

"ராத்திரி ரயில்ல படுத்தா விடியக்காலம் தாம்பரத்துல எழுப்பி விடுறான். நான் எதுக்கு பாய் பறக்கணும்?" என்பார் ரைஸ்மில் குணசேகரன்.

"உங்க எடைக்கு ரயில்தாங்க தாங்கும்," என்பார் ஜாஹித்.

முன்பெல்லாம் சாவுக்காவது பறந்தார்கள். தெருவுக்குத் தெரு ஃப்ரீசர் பெட்டி வந்தபிறகு அதுவும் போயிற்று. பிணம் காத்திருக்கிறது, மகன் நிதானமாக ரயிலில் வருகிறான். சடலத்தை அப்படிப் பெட்டியில் வைத்திருக்காத முஸ்லிம் வீடுகளிலிருந்து, சென்னையிலிருக்கும் மகனுக்கு டிக்கெட் கேட்டு யாராவது பதறி ஓடிவந்தால், ஜாஹித்தே தடுத்துவிடுவார்.

"பறக்குறது ஒரு மணி நேரம்தாம்மா. மீனம்பாக்கம் போவணும், அங்க காத்துக்கெடக்கணும், திருச்சியில எறங்கி இங்க வரணும். காரும் அதுவும் ஒண்ணுதான்."

கமிஷன் போனாலும் உண்மையைச் சொன்னோம் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

விசா வேலையாக அவர் சென்னையில் இருந்த ஒரு காலையில், அக்கா மகன் ஃபாஜில் போன் செய்தான்.

"மாமா, உம்மா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அடக்கம்னு ஜமாஅத்துல சொல்லியாச்சு. ஃபிளைட் புடிச்சு வந்துடுங்க."

மெஹராஜ் பேகம். தாயில்லாத ஜாஹித்தை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா, அவருடைய லாத்தா. முகத்தைப் பார்த்துவிட வேண்டும், வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை. மதிய விமானத்தில் இடம் இருப்பதைப் போனில் பார்த்தார். பார்த்தும், பழகிய வாய் பழகியதையே சொன்னது.

"கார்ல கெளம்புறேன்டா. ரெண்டும் ஒண்ணுதான்."

மதுராந்தகம் தாண்டி ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டிகள். டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு எங்கிருந்தோ கேட்டு ஓய்ந்தது. வெயில் சாய்ந்தபோது ஃபாஜில் மறுபடி கூப்பிட்டான்.

"எங்க மாமா வர்றீங்க?"

"விழுப்புரமே வரலடா."

"பொழுது அடையுற மஃரிப் வரைக்கும் வைக்கச் சொல்லட்டுமா?"

ஜாஹித் மிச்ச தூரத்தைக் கணக்குப் போட்டார். மஃரிபும் பற்றாது.

"வேணாம். எடுத்துடுங்க."

"வீடியோ கால் போடவா மாமா?"

"போட்டோ எடுத்தாலே முந்தானையால மூடிக்குவாங்கடா. வேணாம்."

போனை அவன் அணைக்கவில்லை. பெண்களின் அழுகையும், அதற்கு மேலாக ஆண்கள் ஓதும் குரலும் கேட்டன. அந்தக் குரல் வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்தது.

முன்னால் நின்ற பஸ் அசைந்தது. டிரைவர் உற்சாகமாகச் சாவியைத் திருகினார்.

"வழி விட்டுட்டான் பாய்! எத்தனை மணிக்குள்ள போய்ச் சேரணும்?"

ஓய்ந்துபோன போனை ஜாஹித் இன்னும் காதிலேயே வைத்திருந்தார்.