மணிக்கட்டை விடாத அம்மா

பெங்களூரில் இதய மருத்துவருக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நீலசந்திரா பகுதியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. தாளம் தப்பித் துடிக்கும் நாடி என்பதால் கணவரின் மணிக்கட்டை அவர் விடவே இல்லை.

“போலீஸ்காரி சார்,” என்று கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. “ரத்தம் உறையாம இருக்குற மாத்திரையோட மீனெண்ணெய் மாத்திரையும் நான்தாண்ணா குடுத்தேன். மூக்குல ரத்தம் வந்துடுச்சு. மை வைக்கப் போயி கண்ணையே குத்துன கதையாயிடுச்சு. வேற என்ன சாப்புடுறீங்கன்னு டாக்டர் கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டாரு இவரு.”

“உன்னத் திட்டுவாரேன்னுதான்டி.”

“திட்டட்டும். நீங்க இருந்தாதானே நான் திட்டு வாங்க முடியும்?”

உள்ளே கூப்பிட்டார்கள். மீனெண்ணெய் டப்பாவோடு அம்மா முன்னால் போய்விட்டார். அவர் விட்டுவிட்டுப் போன கையை மடக்காமல் கணவர் உட்கார்ந்திருந்தார். தப்பை ஒத்துக்கொள்ள அப்படி முந்திக்கொண்டு போன ஆளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.