தங்கைக்குக் கொண்டுபோன தேயிலை

திருச்சிக்கு மலிவு விமானம் விட்ட புதிது. கொழும்பு விமான நிலைய வரிசையில் எனக்கு முன்னால் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் நின்றார். மெலிந்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. பெட்டியின் எடை கூடிவிட்டதால், தேயிலைத்தூள் பொட்டலங்களை எடுத்து வரிசையில் நின்ற எங்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

"தங்கச்சிக்குங்க. எறங்குனதும் வாங்கிக்கிறேன்."

விமானத்தில் தண்ணீருக்கும் காசு கேட்டார்கள். நான் முணுமுணுத்தேன்.

பக்கத்தில் இருந்த அவர் சிரித்தார். "தண்ணி கெடக்குது தம்பி. தங்கச்சி இந்தியாவுக்குக் கப்பலேறி முப்பது வருசமாச்சு. இந்த வெலைக்கு டிக்கட் இல்லாட்டி நான் எங்க போயி பாக்குறது?"

திருச்சியில் தங்கையைக் கண்டதும் எங்களை மறந்து ஓடினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இருவரும் கட்டிப்பிடித்து அழுது முடிக்கும்வரை, கையில் பொட்டலத்தோடு காத்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.