பதினோரு மாதமும் அரை மூட்டை அரிசியும்

தங்கைக்குத் தஞ்சாவூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது, விடுதியில் கிடைக்கவில்லை. கல்லூரி திறக்க ஐந்து நாள் இருந்தது. நான் தஞ்சாவூரில் வேலை கிடைத்ததிலிருந்து மூன்று பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன். அவளை அங்கே அழைத்து வர முடியாது. திருப்பனந்தாள் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் போய்வந்தால் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும். அதற்கு அவள் படிக்காமலே இருக்கலாம் என்று அம்மா சொல்லத் தொடங்கியிருந்தாள். வீடு கிடைத்தால்தான் படிப்பு.

நாலு வீட்டில் இல்லை என்றார்கள். ஐந்தாவது, ஒரு மாடி வீடு. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கீழே அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

கேட்க வேண்டியதை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அட்வான்ஸ் எப்போது திரும்பும், வெள்ளையடிப்பு யார் செலவு, மோட்டார் கெட்டால் யார் பார்ப்பது, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். சார் விடைத்தாள் திருத்துகிறவர் போல ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். ஒப்பந்தம் ஏன் பதினோரு மாதத்துக்கு மட்டும் என்று கேட்டபோதுதான் கொஞ்சம் நிறுத்தினார். அதற்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்றார். பிறகு தன் காரணத்தையும் சொன்னார். அவர் அப்பா ஆறு ஏக்கருக்கு மேல் வரும் ஒரு வேலி நிலத்தை வாய்வார்த்தையில் குத்தகைக்கு விட்டாராம். வருஷா வருஷம் நெல் வாங்கினாராம். அந்த நெல்லே குத்தகைக்காரரின் உரிமைக்குச் சாட்சியாகி, கடைசிவரை நிலம் கைக்குத் திரும்பவில்லை.

“நான் யாரையும் குறை சொல்லலை தம்பி. பதினோரு மாசம்னா பதினோரு மாசம். உங்களுக்குச் சொந்த நிலமா, குத்தகையா?”

குத்தகை என்றேன். ஒப்பந்தம் எழுத வெள்ளிக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு வரும்படி சார் தயங்கியே சொன்னார்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. தாத்தாவிடம் நிலத்துக்காரர்கள் ஒரு வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். குத்தகை நிலத்தில் பாதியைத் தாத்தா தாமே விட்டுக்கொடுப்பதாக அதில் பின்னால் எழுதப்பட்டிருந்தது. அப்பாவுக்குப் பெயர் எழுதத் தெரியும். ஆனால் எந்தத் தாளைக் கண்டாலும் எட்டியே நிற்பார்.

வெள்ளிக்கிழமை அவர் தோளில் அரை மூட்டைச் சம்பா அரிசியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். குத்தகைக்காரன் நிலத்துக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. வீட்டுக்காரரும் அவருக்கு அப்படித்தான். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. மூட்டையை இறக்கி மறுபக்கத்தை நானே பிடித்துக்கொண்டு போனேன்.

மூட்டையைப் பார்த்ததும் சார் எழுந்து நின்றுவிட்டார். வேண்டாம் என்றார். குறைவாகக் கொண்டுவந்ததில் அவருக்கு வருத்தம் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

“கொறைச்சலா நெனைக்காதீங்கய்யா. அடுத்த அறுப்புக்கு முழு மூட்டையா கொண்டாந்துடுறேன்.”

“அடுத்த அறுப்புக்கா?” சார் பேனாவை மூடினார். “தம்பி, இது சரிப்படாது. வேற வீடு பாத்துக்குங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். சாரின் அப்பா வருஷா வருஷம் நெல் வாங்கிய கதையை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. கல்லூரி திறக்கும் திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

“சார், அதையும் எழுதிடலாமே” என்றேன். இந்த அரிசி வாடகை இல்லை, குத்தகை இல்லை, இதனால் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. எழுதினால் யாருக்கும் பயமில்லை.

சார் பேனாவை மறுபடி திறந்தார். டைப் அடித்து வைத்திருந்த ஒப்பந்தத்தின் கீழே தன் கையால் அந்த வரியை எழுதினார். இரண்டு பிரதியிலும் எழுதினார். எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லி அப்பா கேட்டார். சார் வகுப்பில் வாசிப்பதுபோல முதலிலிருந்து வாசித்தார். அரிசி வரியை அப்பா இன்னொரு தடவை கேட்டார்.

“சும்மா குடுத்ததுக்கும் எழுத்து. சரி. பதினோரு மாசத்துல எழுந்திரிக்கணும், அவ்வளவுதானேய்யா எழுதியிருக்கு?”

“அவ்வளவுதான்.”

“போடுடா” என்றார் என்னிடம்.

நான் கையெழுத்துப் போட்டதும் அப்பா பேனாவை வாங்கி, தாளில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். சார் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் பிரதியிலும் அதேபோல ஒன்று இழுத்துக்கொண்டார். அவர் மனைவி மூட்டையை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை தங்கை கல்லூரிக்குப் போனாள். அதன் பிறகு ஒப்பந்தத்தை இரண்டு முறை புதுப்பித்திருக்கிறோம். டைப் அடிப்பவர் பழைய பிரதியைப் பார்த்தே அடிப்பதால் அரிசி வரியும் சேர்ந்தே வருகிறது. எடுத்துவிடும்படி சார் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.