மூட்டைத் தராசில் ஏறினேன்

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிது. என் கணவர் வேர்க்கடலை மண்டியில் எடை போடுபவர்; வேர்க்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள். ஒருநாள் கோயிலிலிருந்து திரும்பும்போது என்னை மண்டிக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறச் சொன்னார்.

"எழுபத்திரண்டு கிலோ! மல்லாட்டை மூட்டையே உங்கிட்ட தோத்துடும்" என்று சிரித்தார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

மறுவருஷம் கர்ப்பமானேன். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா, "முழுகாம இருக்கறதுக்கு முன்னாடி எடை எவ்ளோம்மா?" என்று கேட்டார்.

"அறுபது இருக்குங்க" என்றேன் கூச்சத்தில்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் உள்ளிருந்தே, "எழுபத்திரண்டுங்க! நான்தான் நிறுத்தேன்" என்று கத்தினார். எனக்கு மானமே போயிற்று.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "முன்னாடியே எடை ஜாஸ்தின்னா பிரஷர் வர வாய்ப்பு ஜாஸ்திம்மா. வாரம் தவறாம ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றார்.

கணவரைத் திட்டிக்கொண்டேதான் வாராவாரம் போனேன். ஏழாம் மாதம், உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாத நாளில், பிரஷர் எகிறியிருந்தது. உடனே சேர்த்துக்கொண்டார்கள். நானும் மகளும் பிழைத்தோம்.

இப்போது எங்கள் தெருவுக்குப் புது மருமகள் வந்தால், முதலிலேயே மண்டித் தராசில் ஏற்றிவிடுகிறேன். எடையை அவள் காதில் மட்டும் சொல்வேன். அதுவரை என் கணவர் வெளியே நிற்க வேண்டும்.