குதிரைப் பெட்டிக்கு என்ன நிறம்? மாட்டுங்கா, தாராவி, செம்பூரில் ஒரு நாள்

இந்த முறை நான் மும்பைக்குப் போனது கடல் பார்க்கவோ வடாபாவ் சாப்பிடவோ அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொம்மை ரயில் பெட்டிக்கு என்ன நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்று தெரிந்துகொள்ளப் போனேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், என் மனைவி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள். மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் செலவுக் கணக்கோடு இதை எழுதுகிறேன்.

செம்பூரில் என் அக்கா வீட்டு ஹாலில், எட்டடிப் பலகை ஒன்றின் மேல் கல்யாண் – தாணே ரயில்பாதை ஓடுகிறது. அக்காவின் கணவர் சண்முகம் அத்தானும் நானும் நான்கு வருடமாகக் கட்டியது. கோவையில் உட்கார்ந்து நான் பெட்டிகள் செய்து கொண்டுபோவேன், தண்டவாளமும் ஸ்டேஷனும் அவர் பொறுப்பு. கடைசியாக நான் செய்து கொடுத்தது குதிரைப் பெட்டி. அந்தக் காலத்தில் புனேவுக்கும் பம்பாய்க்கும் இடையே பந்தயக் குதிரைகளை ஏற்றிச் சென்ற குட்டி வேகன் அது. பயணிகள் ரயிலின் வாலில் மாட்டி அனுப்புவார்கள்.

வினை அதன் நிறத்தில் வந்தது. அத்தான் பாண்டுப்பில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போகும் வழியில் ரயில்வே நடைமேம்பாலத்தில் நின்று குதிரைப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறார். முழுக்க முழுக்கச் செம்பழுப்பு என்று அடித்துச் சொன்னார். என்னிடம் இருந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு மாமி எங்கள் ரயில் பிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. அதில் பெட்டியின் மேல்பாதி பளிச்சென்று வெளிர் நிறத்தில் இருந்தது. கீழ்ப்பாதியைக் குதிரையும் ஆட்களும் மறைத்திருந்தார்கள். ஆகவே மேலே க்ரீம், கீழே பழுப்பு, இரட்டை நிறம் என்றேன் நான்.

“கண்ணால பாத்தவன் சொல்லுதேன்” என்று அவர் குழுவில் எழுதினார். பத்து வயதுப் பையனின் கண்ணை நம்பிப் பெயிண்ட் வாங்க முடியாது என்று நான் எழுதினேன். நூறு பேர் இருக்கும் குழு. அதோடு பேச்சு நின்றது. மூன்று மாதமாக அக்காதான் இரண்டு பக்கமும் போன் போட்டு அலுத்துப்போனாள்.

பிப்ரவரியில் கிளம்பினேன். கோவையிலிருந்து குர்லா டெர்மினஸ், மூன்றாம் வகுப்பு ஏசியில் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். காலையில் ஏறினால் மறுநாள்தான் இறக்கிவிடுவார்கள். குர்லா டெர்மினஸிலிருந்து அக்கா வீடு ஆட்டோவில் பத்து நிமிடம். நான் வீம்பாக டாக்சி பிடித்து மாட்டுங்காவுக்குப் போய் லாட்ஜில் அறை எடுத்தேன். ஒரு நாளைக்கு ரூ. 1,800, இரண்டு நாளுக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். கேட்டுவிட்டு அவள், “தாராவில எனக்குத் தெரிஞ்ச இசக்கியம்மா பட்டறைல ஒரு மேசை இருக்கு. ஏதோ ரயில் பெட்டிக் கதவாம். வந்ததுதான் வந்துட்ட, அதையும் பாத்துட்டுப் போ” என்றாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மாட்டுங்கா மாமி வீடு. ஸ்டேஷனிலிருந்து கிழக்கே எட்டு நிமிட நடை, பூக்கடைகளைத் தாண்டி மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. லலிதா மாமியின் அப்பா குதிரை வைத்தியர். படத்தில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

“வாங்கோ, வாங்கோ. காபியைக் குடிச்சுண்டே பாருங்கோ” என்று அசல் படத்தை எடுத்து வந்து வைத்தார். குழுவில் பார்த்ததைவிட அகலமான படம். நடுவில் கறுப்பாக ஒரு சதுரம். அது ஜன்னல் என்று நான் முன்பே முடிவு கட்டியிருந்தேன். இரண்டு பக்கமும் வெளிர் நிறம். ஓரத்தில் மட்டும் வெளிர் நிறம் முடிந்து கருமையாக ஒரு பட்டை தெரிந்தது. நிழலாக இருக்கும் என்று அதைத் தள்ளிவிட்டுப் பூதக்கண்ணாடியால் மேல்பாதியையே மேய்ந்தேன்.

மாமி பேசிக்கொண்டே இருந்தார். “குதிரைக்கு இருட்டுன்னாலே ஆகாதாம். உள்ளே வெளிச்சமா இருந்தாத்தான் ஏறும்னு அப்பா சொல்லிண்டே இருப்பார். ஒரு தடவை ஒரு குதிரை ஏறமாட்டேன்னு அடம் பிடிச்சு, அரை மணி ரயிலே லேட்டாம்.”

நான் “ஓஹோ” என்றேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அத்தானை மண்ணைக் கவ்வ வைக்கப்போகிற சந்தோஷத்தில் இருந்தேன். படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டு விடைபெற்றேன்.

மாட்டுங்காவில் ஆட்டோ ஓடாது, டாக்சிதான். தாராவி தொண்ணூறு அடிச் சாலை என்றதும் முதல் இரண்டு டாக்சிக்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாமவர், “அந்தர் நஹி ஜாயேகா சேட், பாஹர் சோட் தூங்கா” என்றார். உள்ளே வரமாட்டார், வெளியே விடுவார். சரி என்று ஏறினேன். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், அறுபது ரூபாய். அங்கிருந்து சந்துக்குள் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். கேட்டுக் கேட்டுப் போனால் யாராவது தமிழிலேயே வழி சொல்வார்கள்.

இசக்கியம்மாவின் பட்டறை ஒரே அறை, மேலே ஏணி வைத்த பரண். தோல் பெல்ட்டும் கைப்பையும் தைக்கிறார்கள். இசக்கியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். போன் ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்க, இந்தியில் யாரையோ விரட்டிக்கொண்டே என்னை உள்ளே வரச்சொன்னார்.

“பார்வதியக்கா தம்பிதான? வாங்க அண்ணாச்சி. சாப்பாட்டு நேரம் பூரா ஒங்களுக்குத்தான். ஒன்றரைக்கு மேல கட்டிங் இருக்கு, ஆர்டர் அர்ஜென்ட். மேசையச் சொரண்டப்பிடாது, ஆமா.”

“சொரண்ட மாட்டேங்க. இது குதிரைய ஏத்திட்டுப் போன ரயில் பெட்டியோட கதவான்னு பாக்கணும்.”

“குதிரைக்கு ரயிலா? நாங்க தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கெடைக்காம கெடக்கோம்.”

நான்கடிக்கு மூன்றடித் தேக்குப் பலகை. அதன் மேல்தான் தோலை வெட்டுகிறார்கள். நடுப்பகுதி கத்திக் கீறலில் வெறும் மரமாகிவிட்டது. ஓரங்களில் மட்டும் பழைய வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. க்ரீம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொண்டுபோயிருந்த நிற அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். டியூப் லைட்டில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். இசக்கியம்மாவிடம் சொல்லி ஷட்டரை முழுசாகத் தூக்கி, பகல் வெளிச்சத்தில் பொருத்தினேன்.

மரியாதையாக அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அடிப்பக்கம் பார்க்காமல் எந்த ரயில்காரனுக்கும் திருப்தி வராது. மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன்.

“எல்லாரும் இந்த மேசைக்கு அடில என்னத்தத்தான் தேடுதீங்களோ” என்றார் இசக்கியம்மா.

அடிப்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு. கொஞ்சம்கூடக் கீறல் இல்லை. இரண்டு இரும்புப் பட்டைக் கீல்கள். அவற்றுக்கு நடுவே வெள்ளையில் பெரிய ஆங்கில எழுத்துகள், ‘ஹார்ஸ்’ என்ற சொல்லின் கடைசி மூன்று, ஆர், எஸ், இ. மீதி எழுத்துகள் ஜோடிக் கதவோடு எங்கோ போயிருக்கும். எழுத்து இருக்கும் பக்கம்தான் வெளிப்பக்கம். பெட்டிக்குள்ளே நிற்கிற குதிரைக்கு யாரும் எழுதிக் காட்ட மாட்டார்கள்.

வெளியே வந்து மேல்பக்கத்தை மறுபடியும் பார்த்தேன். பலகையின் ஒரு விளிம்பு அலையலையாகக் குழிந்திருந்தது.

“அது எலி கடிச்சது” என்றார் இசக்கியம்மா.

எலிக்குக் கட்டைவிரல் அகலத்தில் பல் இருக்காது. நின்று நின்று அலுத்துப்போன குதிரைகள் கடித்த தடம் அது. ஆக, க்ரீம் பக்கம் குதிரையின் பக்கம். அத்தான் சொன்னதுதான் சரி. ஆனால் என் படம் பொய் சொல்லுமா?

அப்போது இசக்கியம்மா டிபன் எடுக்கச் சுவர் அலமாரியைத் திறந்தார். நீலக் கதவு. இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. வெளியே தெரிந்தது நீலமல்ல, உட்பக்கத்து வெள்ளை. நான் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்ததில், “சாப்பிடுதீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டார்.

செல்போனில் மாமியின் படத்தைத் திறந்தேன். குதிரைப் பெட்டியின் கீழ்க்கதவு பிளாட்பாரத்தில் சாய்ந்து குதிரை ஏறும் சரிவுப் பலகையாகும். மேல்கதவுகள் இரண்டும் பக்கவாட்டில் திறந்து பெட்டியின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நான் பெட்டியின் நிறம் என்று நம்பியது, திறந்து மடங்கிய கதவின் உட்பக்கம். நடுவில் இருந்த கறுப்புச் சதுரம் ஜன்னலல்ல, வாசல். ஓரத்துக் கருமைப் பட்டை நிழலல்ல, கதவு மறைக்காத செம்பழுப்பு. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இப்படிச் சிவப்பு கலந்த நிறம் இருண்டுதான் விழும். உள்ளே ஏன் க்ரீம் என்பதைக் காலையிலேயே மாமி காபியோடு கொடுத்துவிட்டார். எனக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

அத்தான் பார்த்தது ஓடுகிற ரயில், கதவுகள் மூடியிருக்கும். நான் பார்த்தது நிற்கிற ரயில். இவ்வளவுதான் எங்கள் மூன்று மாதச் சண்டை.

சயான் ஸ்டேஷன் வரை நடந்து, லோக்கல் ரயிலில் குர்லாவில் மாறி, செம்பூர். டிக்கெட் ஐந்து ரூபாய். ரயிலில் நின்றுகொண்டே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. மன்னிப்புக் கேட்பதைவிட, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். நான் செருப்பைக் கழற்றத் திரும்பியதும் ஓவென்று சிரித்தாள்.

“ஏல, நீயும் படுத்தியா?”

என் சட்டை முதுகு முழுக்கப் பட்டறைத் தரையில் கிடந்த, தோல் ஒட்டும் மஞ்சள் பசை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பால்கனிக் கொடியைக் காட்டினாள். அங்கே அத்தானின் வெள்ளைச் சட்டை தொங்கியது. அதன் முதுகிலும் அதே மஞ்சள் கறை, துவைத்தும் போகாமல்.

“போன மாசமே போயிட்டு வந்தாரு. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஆர்டர்” என்றாள்.

அத்தான் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குதிரைப் பெட்டி தாணே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றது. நான் கொடுத்துவிட்டுப் போன அதே சாம்பல் நிற அடிப்பூச்சோடு. செம்பழுப்பு டப்பா பக்கத்திலேயே இருந்தது, மூடியைக்கூடத் திறக்கவில்லை.

“தெரிஞ்சுமா அத்தான் பெயிண்ட் அடிக்கல? குரூப்ல போட்டிருக்கலாமே” என்றேன்.

“போட்டு ஜெயிச்சு என்ன செய்ய மாப்ள? வண்டி ஓட்ட ரெண்டு பேரு வேணும்லா” என்றார்.

கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. எங்கள் பாதையில் ஒருவர் ரயிலை ஓட்ட வேண்டும், இன்னொருவர் அதைத் தடம் மாற்றிவிட வேண்டும். மூன்று மாதமாக அங்கே எதுவும் ஓடவில்லை.

“நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். “பத்து வயசுப் பையன் சரியாத்தான் பாத்திருக்கான்.”

“அதெல்லாம் இருக்கட்டும். ஒம் படத்துல எப்படி வெள்ளையா விழுந்துது? அதான் எனக்குப் பிடிபடல. ஒரு மாசமா மண்ட காயுது.”

அக்காவின் பீரோக் கதவைத் திறந்து காட்டினேன். அத்தான் இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தார். பிறகு ஒரு பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்.

“பழுப்ப நீ அடி. உள்ள க்ரீம நான் அடிக்கேன்.”

இப்போது அந்தப் பெட்டி பிளாட்பாரப் பக்கம் கதவுகள் திறந்து க்ரீமாகவும், மறுபக்கம் மூடிச் செம்பழுப்பாகவும் நிற்கிறது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாட்டுங்காவைக் காலையிலும் தாராவியை ஒரு மணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் பட்டறை மேசை காலியாக இருக்கும். போன் செய்துவிட்டுப் போங்கள், யார் பொருளையும் சுரண்டாதீர்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் பொருத்துங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பசை போகாது. ஒரு படத்தைப் பார்த்து நிறம் முடிவு செய்வதற்கு முன், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா, கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். காபி கொடுக்கிறவர் பேசுவதையும் கேளுங்கள்.

அன்று இரவு செம்பூரில்தான் தூங்கினேன், பலகைக்குப் பக்கத்தில் பாய் விரித்து. மாட்டுங்கா அறையின் இரண்டாம் நாள் வாடகை ரூ. 1,800 வீண். உங்களுக்கு அங்கே அக்கா வீடு இருந்தால், லாட்ஜ் எடுக்காதீர்கள்.