ஈரக் காடாத்துணிப் பை

சைக்கிளுக்கு என்று என் கணவர் வாங்காத சாமான் கிடையாது. கைப்பிடியில் மாட்ட ஒரு பை, சீட்டுக்கு அடியில் ஒரு பை, நடுக்கம்பியில் முக்கோணமாக ஒரு பை. எல்லாம் பார்சலில் வரும். பிரித்துப் பார்க்கும்போது அவர் முகத்தில் தெரியும் சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. அந்தப் பைகளின் தையலை நான் புரட்டிப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "நீ குத்தம் கண்டுபிடிக்கவே பாக்குற" என்பார்.

குற்றம் நான் கண்டுபிடிக்கவில்லை, சாலையே கண்டுபிடித்தது. இருவரும் சைக்கிளில் சிறுமலை அடிவாரத்துக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் பையின் கொக்கி உடைந்து, மாற்றுத் துணியெல்லாம் புழுதியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைக்காரர் ஒரு பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து, நான்கு பட்டைகளாகக் கொடுத்தார். அதைக் கேரியரில் இழுத்துக் கட்டியதும் பை அசையவே இல்லை. இந்த ஊரில் காய்கறி மூட்டையும் கோழிக்கூண்டும் இத்தனை வருடமாக அந்தப் பட்டையில்தான் போகின்றன. எங்கள் கண்ணில்தான் படவில்லை. அன்றிலிருந்து எந்தப் பார்சல் வந்தாலும், "டியூப் பட்டையைவிட நல்லா இருக்குமாங்க?" என்று நான் கேட்பது வழக்கமானது.

இந்தக் கேலியெல்லாம் பகல் பயணத்தோடு சரி. எனக்குச் சர்க்கரை. காலைப் பலகாரத்துக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து பேனா வடிவத்தில் வருகிறது. எங்கள் ஊர் வெயிலில் அதைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அலைந்தால் மருந்து கெட்டுவிடும். அதனால் காலையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிடம் திரும்பிவிட வேண்டும். கயிற்றில் கட்டிய ஆட்டுக்குக் கிடைக்கும் தூரம்தான் எனக்கும்.

பாலசமுத்திரத்தில் என் பள்ளித் தோழி இருக்கிறாள். தென்னந்தோப்புக்குள் வீடு. வருடம் தவறாமல் கூப்பிடுவாள். பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். ஆனால் சைக்கிளில் போய் அவள் வாசலில் இறங்கி, இரவு தங்கி, மறுநாள் மிதித்துத் திரும்ப வேண்டும் என்பது என் பிடிவாதம். சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு என்னை உட்கார வைக்கப் பார்த்தார்கள். நாற்பத்தாறு வயதில் என் பயணங்களை ஒரு குளிர்சாதனப் பெட்டி தீர்மானிப்பதில் எனக்கு அவமானமும் ஆத்திரமும் இருந்தன. பாலசமுத்திரம் போய்ச் சேர்ந்துவிட்டால் எங்கும் போகலாம் என்று தோன்றியது.

"இம்புட்டுத்தானே? அத நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர்.

அவருக்கு வேலை பூ மார்க்கெட்டில். வெளியூருக்குப் போகும் மல்லிகை மொட்டைப் பெட்டியில் அடுக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. தெர்மாகோல் பெட்டிக்குள் உறையவைத்த ஜெல் பைகள், அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் மொட்டு, மறுபடி செய்தித்தாள். இங்கே பறித்த மொட்டு விமானத்தில் போய் வடக்கே இறங்கும்போது அப்படியே வாய் திறக்காமல் இருக்கும். அந்தக் கைகளை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஒரு சின்னப் பெட்டியில் என் பேனாவைச் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பக்கமும் ஜெல் பை வைத்து, டேப் ஒட்டி மூடினார். கேரியரில் டியூப் பட்டையால் கட்டியது மட்டும் நான்.

பழனி சாலையில் லாரிகள் அதிகம் என்பதால் செம்பட்டி வழியாகச் சுற்றிப் போகத் தீர்மானித்திருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஏழரைக்கெல்லாம் செம்பட்டி. ஒரு கடையில் இட்லி சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். பேனா விரலைச் சுட்டது, அத்தனை குளிர்ச்சி. கண்ணாடிக்குள் ஊசி ஊசியாக ஐஸ். பொத்தானை அழுத்தினால் நகரவில்லை.

அவர் அதை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். "செத்த நேரம் பொறு, கரைஞ்சுரும்."

"கரைஞ்சாலும் ஆகாதுங்க. ஒருதரம் உறைஞ்சா தூக்கிப் போட்டுரணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

"ஒரு மொட்டுகூடக் கருகுனதில்லம்மா என் கையில."

"நான் மொட்டு இல்லைங்க."

மருந்துக்கடை திறக்கும்வரை அதன் படியில் உட்கார்ந்திருந்தோம். திறந்த பிறகு, நான் போடும் மருந்து அங்கே இல்லை என்றார்கள். சைக்கிள்களை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று இட்லிக் கடையில் விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு திண்டுக்கல் பஸ் ஏறினோம். இரண்டு இருக்கை சேர்ந்து காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். எனக்கு ஆறவில்லை. வீட்டு வாசலில் வைத்துச் சொன்னேன்: "இனிமே என் மருந்த நீங்க தொடாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு பார்சல் எதுவும் வரவில்லை. பாலசமுத்திரம் என்ற பேச்சை நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒருநாள் மட்டும், "பஸ்ஸிலேயே போய்ட்டு வந்துரலாமே" என்றார். அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

வழி என் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டுக்கு உள்ளே கொடுக்கும் லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுவோம். இல்லாவிட்டால் முதல் துவையலில் சுருங்கி மானத்தை வாங்கிவிடும். அன்று மழை வரும்போல் இருந்ததால் கொடியை முன்னறைக்குள்ளேயே மின்விசிறிக்கு எதிரில் கட்டியிருந்தேன். மழை வராமல் புழுக்கம்தான் வந்தது. தைத்துக்கொண்டே இருந்தபோது ஈரத்துணி என் கழுத்தில் பட்டது. சில்லென்று இருந்தது. எத்தனை வருடமாக நனைத்துப் போட்டிருப்பேன்! நகராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காற்று பட்டால் ஈரத்துணி குளிரும். சைக்கிள் ஓடினால் காற்று தானே வரும்.

மறுநாளே தைத்துவிட்டேன். தடித்த காடாத்துணி இரண்டு மடிப்பு, உள்ளே தண்ணீர் இறங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறை, மேலே இழுத்து முடிய நாடா. மார்க்கெட்டின் குளிரறையில் இருந்த பழைய வெப்பமானி ஒன்றை அவரிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தார். மொட்டைமாடி வெயிலில் சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியில் பையைக் கட்டி, மின்விசிறியைத் திருப்பி வைத்து, மணிக்கு ஒருதரம் பார்த்தேன். வெளியே முப்பத்தேழு டிகிரி, உள்ளே இருபத்தேழு. முப்பதைத் தாண்டாதவரை மருந்து கெடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துணி காயக்கூடாது, அதுதான் ஒரே நிபந்தனை. அவர் படியில் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். ஒரு வாய் வார்த்தை பாராட்டினால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன்.

மறுபடி அதே சாலையில் அதே ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பை என் கைப்பிடியில். செம்பட்டியில் பேனாவை எடுத்தேன். பானைத் தண்ணீர் பதத்தில் இருந்தது. அதே கடையில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு நான்கு இட்லி சாப்பிட்டேன். கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டு, "இன்னைக்காச்சும் சாப்டுட்டுப் போறீகளே" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு என் கணவரோடு பெரிய ரோதனையாகப் போய்விட்டது. அரைமணிக்கு ஒருதரம், "செத்த நில்லு, வாரேன்" என்று ஒதுங்கிவிடுவார். கேட்டால் தண்ணீர் குடிக்க, கால் கழுவ, சீட்டைச் சரிபண்ண. "சர்க்கரை உங்களுக்கா, எனக்கா?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் நிற்பதை நிறுத்தவில்லை. ஒட்டன்சத்திரத்தில் உச்சி வெயில் தாழும்வரை ஒரு புளியமரத்தடியில் படுத்திருந்துவிட்டு, மூன்றரைக்குமேல் பழனிப் பக்கம் திரும்பினோம்.

அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாமல் போனது. மரத்தடியில் பையை நனைத்திருந்தேன், அந்த நினைப்பே போதுமென்று இருந்துவிட்டேன். எதிரே மலைத்தொடர், இரண்டு பக்கமும் தென்னை, இனி முப்பது கிலோமீட்டர்தான். அவர் நின்ற இடத்திலெல்லாம் நான் நிற்காமல், "நீங்க வாங்க, நான் போறேன்" என்று முன்னால் மிதித்தேன். வாயில் ஏதோ பாட்டுகூட வந்தது. காலையில் வெயில் முதுகில் இருந்தது. சாயங்காலம் மேற்கே போகிறவளுக்கு வெயில் நேரே கைப்பிடியில் விழும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தோப்பு வாசலில் தோழி நின்றிருந்தாள். "ஏனுங்க, நெசமாலுமே சைக்கிள்லயே வந்துட்டாளுங்களா?" என்று பின்னால் வந்த என் கணவரிடம் கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். முகம் கழுவினேன். சமையலறையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மருந்து எடுக்கச் சைக்கிளிடம் போனேன்.

பை மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. உள்ளே கைவிட்டால் பேனா, டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் மாதிரி சுட்டது. எத்தனை நேரமாக அப்படி இருந்தது என்று எனக்கே தெரியாது. அதை எந்த நம்பிக்கையில் உடம்பில் ஏற்றுவது? பழனிக்குப் போய்க் கடை கடையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மறுபடி பஸ், மறுபடி வெறும் வயிறு. இந்தத் தடவை திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

பின்னால் செருப்புச் சத்தம். கணவர் தன் சைக்கிள் சீட்டுக்கு அடியில், பழைய கொக்கிப் பை இருந்த இடத்தில், துண்டைச் சுற்றிக் கட்டியிருந்த டியூப் பட்டையை அவிழ்த்தார். துண்டுக்குள் இருந்து ஒரு காடாத்துணிப் பை வந்தது. சொட்டச் சொட்ட ஈரம். என்னுடைய வெட்டு மிச்சத்தில் செய்தது. பூக்கட்டும் நூலால் கையில் தைத்திருந்தார். ஒரு தையல் பெரிது, ஒன்று சின்னது, ஒரு மூலை இரண்டுதரம் பிரித்துத் தைத்தது. உள்ளே வீட்டிலிருந்து எடுத்துவந்த புதுப் பேனா, குளிர்ந்துபோய் இருந்தது.

"உன்னோடத நான் தொடலம்மா" என்றார். "இது தனி."

வழி நெடுக அவர் நின்றது இதற்குத்தான். தண்ணீர் குடிக்கவும் இல்லை, கால் கழுவவும் இல்லை. நான் கேலி பண்ணிய ஒவ்வொரு இடத்திலும் முதுகைக் காட்டிக்கொண்டு இதை நனைத்திருக்கிறார். செம்பட்டிப் படியில் உட்கார்ந்த அந்தக் காலையை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. அந்தக் காலையின் வேதனை எனக்கு மட்டும்தான் என்று நினைத்து நான்தான் கோபத்தைச் சுமந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அங்கேயே ஊசி போட்டுக்கொண்டு உள்ளே போய் தோசை சாப்பிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மூன்றாவது தோசையைப் பிட்ட பிறகுதான் தன் தட்டைத் தொட்டார்.

மறுநாள் விடியலில் தோப்புக் குழாயடியில் இரண்டு பைகளையும் நனைத்துக்கொண்டிருந்தேன். அவருடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதுல ஒரு தையலாச்சும் நேரா இருக்கா?"

"தண்ணி பிடிக்குதுல்ல?"

பிடித்தது. பிழிந்து, அவருடையதை அவர் சீட்டுக்கு அடியிலேயே கட்டினேன். பிறகு என் பையையும் அவரிடம் நீட்டினேன். "இந்தாங்க. இதையும் நீங்களே வச்சுக்கங்க."

அவர் உடனே வாங்கவில்லை. "தொடலாமா?" என்று கேட்டார்.