மாயாண்டியின் படகு மோட்டாரும் மாரியம்மன் கரகமும்

மாயாண்டி தேயிலை ஆலையின் எஞ்சின்காரர். ஆலையைத் தோட்டத்தில் எல்லாரும் ‘ஸ்டோர்’ என்பார்கள். இளம் வயதில் ஸ்டோரின் பெரிய எஞ்சினைத் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைக்கத் தொடங்கியபோது அதை இயக்குபவராக இருந்தார். அதிகம் பேசமாட்டார். எஞ்சின் அறையில் பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் வந்த பழக்கம் அது என்பாள் அவருடைய மனைவி மீனம்மா.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குக் கீழே ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். 1965இல் தண்ணீர் ஏறியபோது, பள்ளத்துத் தேயிலையோடு தொழிலாளர் வீட்டு வரிசைகளான சில லயங்களும் மூழ்கின. மாயாண்டி பிறந்த லயமும் அவற்றுள் இருந்தது. மேற்கணக்கு, பணியக்கணக்கு என்று அடுத்தடுத்து இருந்த இரு பிரிவுகளுக்கு நடுவே இப்போது தண்ணீர் கிடந்தது. கோயிலும் ஸ்டோரும் மேற்கணக்குக் கரையில் இருந்தன. மாயாண்டியின் தங்கை அழகம்மாவும் அவள் கணவன் கந்தப்பனும் இருந்தது எதிர்க்கரையில்.

மறு ஆண்டு மாசியில் மாரியம்மன் திருவிழா வந்தது. பூசாரியின் தலையில் ஏறும் கரகம் இரு கணக்குகளிலும் லயம் லயமாகப் போய்வரும். கோயிலுக்குத் திரும்பும்வரை அதை இறக்கக்கூடாது. தண்ணீரைச் சுற்றிப் போகும் பாதையோ மிக நீளம். பூசாரி பழனியாண்டிக்கு முழங்கால் வலி வேறு. கரகம் வராவிட்டால் தங்கள் பக்கத்திலேயே ஒரு கல்லைச் சாமியாக நட்டுத் தனியாகத் திருவிழா நடத்திக்கொள்வதாகப் பணியக்கணக்கிலிருந்து செய்தி வந்தது. சொல்ல வந்தவள் அழகம்மாதான்.

“கல்லத் தேடி எடுத்துக் கழுவி வச்சிட்டாங்கண்ணே. நட்டுட்டாங்கன்னா அப்புறம் ஒங்க சாமி ஒங்களுக்கு, எங்க சாமி எங்களுக்கு. பெறகு நல்லது கெட்டதுக்குக்கூட யாரும் வரமாட்டாங்க.”

ஒரு தோட்டத்துச் சனம் இரண்டாகப் போவது மாயாண்டியை உறுத்தியது. தோட்ட நிர்வாகியான துரை மீன்பிடிக்க வைத்திருந்த சிறு படகை அவர் கேட்டார். துரையும் தயங்காமல் கொடுத்தார். படகின் பின்புறத்தில் மாட்டியிருந்த பெட்ரோல் மோட்டார்தான் இணங்கவில்லை. மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்திருந்தது. கயிற்றை இழுத்தால் கிளம்பும், சற்று ஓடும், பிறகு இருமி நின்றுவிடும்.

“ஏன் மாயாண்டி, நட்டநடுத் தண்ணியில நின்னு போச்சுன்னா, ஆத்தாளத் தலையில வச்சிக்கிட்டு நான் துடுப்பு போடவா?” என்றார் பழனியாண்டி.

“நிக்காது மாமா.”

“நாக்கால ஓட்டாத. மோட்டார ஓட்டிக் காட்டு. அப்புறந்தான் படகுல காலு வைப்பேன்.”

மாயாண்டி மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றினார். வெளியே மூடுபனியும் தூறலும். ஆகவே அதைக் காய்ந்த, வெதுவெதுப்பான இடமான ஸ்டோருக்கே எடுத்துப் போனார். அடிக்கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தது. கிண்ணத்தையும் மிதவையையும் புதுப் பெட்ரோலில் கழுவினார். பெட்ரோல் பாயும் ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தாமல், சைக்கிள் பம்பால் ஊதிச் சுத்தம் செய்தார். உறுப்புகளைத் துணியில் பரப்பி உலரவிட்டு, மீண்டும் பூட்டினார்.

திருவிழாவன்று காலையில் கரையில் கூட்டம் நின்றது. மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பிற்று. மாயாண்டி மட்டும் ஏறியிருந்த படகு சிறிது தூரம் போனது. பின் மோட்டார் முன்போலவே இருமி நின்றது.

“சளி புடிச்சிருக்கு மச்சான்! கொத்தமல்லித் தண்ணி வச்சுக் குடு!” என்று கரையிலிருந்து கத்தினான் ஸ்டோரில் கூட வேலை செய்யும் செல்லசாமி.

துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்த மாயாண்டி அங்கேயே கிண்ணத்தைத் திறந்தார். அடியில் பொன்னிற மயிர்த் துகள்கள் திரண்டிருந்தன. தேயிலை சலிக்கும்போது சல்லடை அறையிலிருந்து பறக்கும் பஞ்சு அது. ஸ்டோரில் வேலை செய்பவர்களின் புருவத்திலும் தலையிலும் நாள்தோறும் படிவது. பழகிப்போனதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. துணியில் பரப்பிய உறுப்புகளிலும் அதுவே படிந்திருந்தது.

“என்னாடா அது?” என்றார் பழனியாண்டி.

“நம்ம தேயிலைதான் மாமா.”

கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மீனம்மாவும் இன்னொரு பெண்ணும் தூறலுக்கு மறைப்பாகப் பிடித்தார்கள். அதன்கீழ் குந்தி, மாயாண்டி எல்லாவற்றையும் மறுபடி கழுவி ஊதினார். பூட்டி முடித்ததும், தண்ணீருக்கு வெளியே தலைநீட்டிய தேயிலைத் தூர் ஒன்றில் படகைக் கட்டினார்.

“ஏறி உக்காருங்க மாமா. வெறும் படகுல திருக முடுக்கி வச்சா ஆளு ஏறுனதும் மோட்டார் திணறும். பாரம் வேணும்.”

“என்னயக் கொழுந்து மூட்டைங்கிறியா?”

“மூட்ட இவ்வளவு பேசாதுங்க,” என்றாள் மீனம்மா. கரையே சிரித்தது. பழனியாண்டி முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

மோட்டார் சூடாகும்வரை மாயாண்டி காத்திருந்தார். பிறகு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை மெல்ல உள்ளே முடுக்கினார். பெட்ரோல் போதாமல் மோட்டார் மூச்சுத் திணறியது. வெளியே தளர்த்தினார், பெட்ரோல் மிஞ்சிப் புகை கக்கித் தடுமாறியது. இரண்டுக்கும் நடுவில் சத்தம் சீரான இடத்தில் விட்டுவிட்டு, பாரத்தை எண்ணி ஒரு மயிரிழை தளர்த்தினார்.

பழனியாண்டி இறங்கிப் போய், கரகத்தோடு திரும்பி வந்து ஏறினார். படகு கிளம்பியது. பாதித் தண்ணீரில் சத்தம் ஒருமுறை தாழ்ந்தது. பூசாரி கண்களை மூடிக்கொண்டார். மாயாண்டி திருகை இன்னும் சிறிது தளர்த்தினார். சத்தம் எழுந்து நிலைத்தது. படகுக்கு அடியில் அவர் பிறந்த லயம் இருந்தது. அவர் காது மோட்டாரிலேயே இருந்தது.

எதிர்க்கரையில் அழகம்மா மஞ்சள் தண்ணீரைப் பூசாரியின் காலில் ஊற்றினாள். அடுத்து மோட்டாரை நோக்கிக் குடத்தைச் சாய்த்தாள்.

“ஏய், அதுல ஊத்தாத! தண்ணி புகுந்தா கரகம் திரும்பிப் போகாது!”

“அப்ப ஒங் காலக் காட்டு,” என்று மிச்சத்தை அண்ணன் காலில் ஊற்றினாள்.

கந்தப்பன் படகுக் கயிற்றை வாங்கிக் கட்ட இடம் தேடினான். கழுவி வைத்த கல் இன்னும் நடப்படாமல் கரையில் இருந்தது. அதற்கு மஞ்சளும் பூசவில்லை. கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். யாரும் தடுக்க வரவில்லை. கயிற்றை அந்தக் கல்லில் சுற்றி முடிச்சிட்டான்.